ஓரிகன் ஏன் மனம் மாறியது? கேள்வி பதில்

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம், போதைப்பொருள் வைத்திருப்பதைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, நான்கு ஆண்டுக்குள் திரும்பச் சேர்த்துக்கொண்டது. அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

கே: ஹெராயின் விற்கவே அனுமதித்தார்களாமே! அந்த ஊர்க்காரர்களுக்கு மூளை குழம்பிவிட்டதா?

விற்பனையை யாரும் அனுமதிக்கவில்லை. விற்றால் அப்போதும் குற்றம்தான். 2020 நவம்பரில் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய 'மெஷர் 110' என்ற சட்டம் வேறொன்றைச் செய்தது. ஒரு கிராமுக்குக் குறைவான ஹெராயின், இரண்டு கிராமுக்குக் குறைவான மெத் (மெத்தம்பெட்டமின் என்ற போதைப்பொருள்) என்று சொந்த உபயோகத்துக்குக் கொஞ்சம் வைத்திருப்பவரைக் கைது செய்யாமல், 100 டாலர் அபராதச் சீட்டு கொடுத்தார்கள். ஓர் உதவி எண்ணுக்குப் போன் செய்து பேசினால் அதுவும் தள்ளுபடி.

கே: 58 சதவீதம் பேர் ஆதரித்தார்கள் என்று படித்தேன். அத்தனை பேருமா போதைக்கு ஆதரவு?

இல்லை. அவர்கள் முன் வைக்கப்பட்ட கேள்வி 'சிறையா, சிகிச்சையா' என்பது. 'போதை நல்லதா' என்று கேட்டிருந்தால் கதையே வேறு. கருத்துக்கணிப்பு எதுவானாலும் முதலில் கேள்வியைப் படியுங்கள், சதவீதத்தை அப்புறம் பார்க்கலாம். கஞ்சாவைச் சட்டப்பூர்வமாக்க அமெரிக்காவில் 1969-ல் ஆதரவு 12 சதவீதம், 2023-ல் 70 என்கிறது கேலப் நிறுவனத்தின் கருத்துக்கணிப்பு. இதே ஏற்றம் ஹெராயினுக்கும் இருக்கும் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம்.

கே: சரி, அப்புறம் ஏன் மாறினார்கள்?

கண்ணால் பார்த்ததால். ஓரிகனின் பெரிய நகரமான போர்ட்லண்டில் நடைபாதையில் நின்று பீர் குடிக்கத் தடை உண்டு. அதே நடைபாதையில் அலுமினியத் தாளில் ஃபென்டனிலை (ஹெராயினைவிடப் பல மடங்கு வீரியமுள்ள செயற்கைப் போதைப்பொருள்) சூடாக்கிப் புகைத்தவருக்கோ 100 டாலர் சீட்டு, அவ்வளவுதான். யாரோ வீட்டுக்குள் என்னவோ செய்துகொள்ளட்டும் என்று பெருந்தன்மையாக இருந்தவர்கூட, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த இடத்தைக் கடக்கும்போது அப்படி இருக்க முடியவில்லை. 2023 செப்டம்பரில் நகர மன்றம் பொது இடத்தில் போதைப்பொருள் உபயோகிக்கத் தடை போட்டது. ஆனால் மாநிலச் சட்டம் மாறினால்தான் அது செல்லும் என்ற நிலை!

இன்னொன்று, வாக்களித்தபடி சிகிச்சை வந்து சேரவில்லை. கஞ்சா வரியிலிருந்து ஒதுக்கிய பணத்தில் பெரும்பகுதி 2022-ல்தான் மையங்களுக்குப் போனது. சீட்டு வாங்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்த எண்ணை அழைக்கவே இல்லை. அபராதம் கட்டாவிட்டாலும் மேல்நடவடிக்கை கிடையாது. இலை போட்டு ஆளை உட்காரவைத்த பிறகு உலையேற்றிய கதைதான்.

கே: அந்தச் சட்டத்தால்தான் போதைப்பொருள் அளவு மீறி நேரும் சாவு கூடியதா? ஆமாம், இல்லை என்று சொல்லுங்கள்.

அப்படி ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது. கூடியது என்று ஓர் ஆய்வு சொன்னது. ஃபென்டனில் பரவிய காலத்தையும் கணக்கில் சேர்த்த பிந்தைய ஆய்வு, தொடர்பில்லை என்றது. எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது. அமெரிக்காவின் மேற்குக் கடலோர மாநிலங்களில் ஃபென்டனில் பெருகியதும் சட்டம் வந்ததும் ஏறக்குறைய ஒரே சமயம், காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த மாதிரி. ஆனால் தெருவில் நிற்கும் வாக்காளரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்!

கே: இதே மாதிரிச் சட்டம் போர்ச்சுகலில் மட்டும் எப்படி ஓடுகிறது?

அங்கே 2001 முதல் நடைமுறையில் இருக்கிறது. பத்து நாள் உபயோகத்துக்கான அளவு வரை குற்றமில்லை. ஆனால் பிடிபட்டவர் ஒரு குழுவின் முன் நேரில் போய் உட்கார வேண்டும். போன் எண் எழுதிய சீட்டோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவதில்லை. சிகிச்சை வசதியையும் கூடவே பெருக்கினார்கள். அங்கும் குறை சொல்பவர்கள் உண்டு, அது வேறு.

கே: இப்போது ஓரிகனில் ஜெயில்தானா?

2024 ஏப்ரலில் ஆளுநர் டீனா கோடெக் புதிய சட்டத்தில் கையெழுத்திட்டார். செப்டம்பர் 1 முதல் வைத்திருப்பது மீண்டும் குற்றம். கடைசியில் 180 நாள் வரை சிறைக்கும் இடமுண்டு. வழக்குக்குப் பதில் சிகிச்சைக்கு அனுப்பும் வழியும் இருக்கிறது, ஆனால் அதை எப்படி நடத்துவது என்பதை அந்தந்த மாவட்டத்திடமே விட்டுவிட்டார்கள். ஆகவே ஒரே அளவோடு பிடிபட்ட இரண்டு பேருக்கு, எந்த மாவட்டத்தில் பிடிபட்டார்கள் என்பதைப் பொறுத்து வழி மாறும்.