பண்டைக் கிரேக்கம்: முதல் பாடநூல் எது?

கேள்வி: பிளேட்டோவை மூலத்தில் படிக்க ஆசை. ஆசிரியர் கிடையாது. எந்தப் புத்தகத்தில் தொடங்கலாம் சார்?

பதில்: தனியாகப் படிப்பவர் முதலில் பார்க்க வேண்டியது, பயிற்சிகளுக்கு விடை கிடைக்கிறதா என்பதைத்தான். திருத்த ஆளில்லாத பிழை அப்படியே பழகிவிடும். கேம்பிரிட்ஜின் 'ரீடிங் கிரீக்' உங்களுக்குப் பொருந்தும். ஆனால் அது ஒற்றைப் புத்தகம் அல்ல. வாசிப்புப் பகுதி ஒன்று, இலக்கணமும் பயிற்சியும் ஒன்று, மொழிபெயர்ப்பும் விடைகளும் அடங்கிய சுயபயிற்சி வழிகாட்டி ஒன்று. மூன்றும் வேண்டும், மூன்றும் இரண்டாம் பதிப்பாக (2007-08) இருக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று முதல் பதிப்பு வழிகாட்டியை வாங்கினால் பாடத்தோடு ஒத்துவராது.

கேள்வி: 'அத்தெனாசே' என்ற பாடநூல் இதைவிட எளிது என்கிறார்களே?

பதில்: தொடக்கம் எளிதுதான். ஏதென்ஸைச் சுற்றிய அட்டிக்கா பகுதி உழவர் ஒருவரின் குடும்பக் கதை, வாசிக்க ஓட்டமாகப் போகும். ஆனால் முதல் பத்துப் பாடங்களில் இறந்தகாலம் முறையாக வராது. 11ஆம் பாடத்தில் 'அயோரிஸ்ட்' என்ற இறந்தகால வடிவம் தொடங்கியதும் வினைவடிவங்கள் நெரிசலாக வந்து விழும். விட்டுவிடத் தோன்றும் இடம் அது. அங்கே வேறு நூலுக்குத் தாவாதீர்கள். ஒவ்வொரு நூலும் இலக்கணத்தை வேறு வரிசையில் தருகிறது. ஹான்சன்-குவின் நூல், நீங்கள் இன்னும் கேள்வியே படாத இரண்டு வினைப்பாங்குகளை (ஆங்கிலத்தில் 'mood') மூன்றாம் அலகிலேயே கற்பித்துவிடும். தாவியவருக்கு இரண்டு பக்கமும் ஓட்டை விழும்.

கேள்வி: எனக்கு ஹோமர் மட்டும் போதும்.

பதில்: அப்படியென்றால் கிளைட் ஃபாரின் நூல். 1920இல் வந்தது, மூலப் பதிப்பு இணையத்தில் இலவசம். இலியட் முதல் காண்டத்தை வைத்தே இலக்கணம் சொல்லித்தருகிறது.

கேள்வி: இறையியல் மாணவி நான். புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்கமான கொய்னேவைக் கற்பிக்கும் நூல் போதுமா ஐயா?

பதில்: அதோடு நிறுத்துவதாக இருந்தால் போதும். பின்னால் பிளேட்டோவுக்கும் போக எண்ணமிருந்தால் பிளேட்டோ எழுதிய ஏதென்ஸ் வட்டாரக் கிரேக்கமான அட்டிக்கில் தொடங்குங்கள் அம்மா. விருப்பப் பொருள் தரும் 'ஆப்டேட்டிவ்' என்ற வினைப்பாங்கு புதிய ஏற்பாட்டில் அரிது, அதனால் கொய்னே நூல்கள் அதைத் தொட்டுவிட்டுப் போய்விடும். பிளேட்டோவிலோ பக்கத்துக்குப் பக்கம் வரும்.

கேள்வி: சொற்களைத் தமிழ் எழுத்தில் குறித்துவைத்துப் படிக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. பை, பீட்டா, ஃபை என்ற கிரேக்க எழுத்துகள் மூன்றும் தமிழில் 'ப' ஆகிவிடும். 'பொனொஸ்' என்று எழுதிவைத்தால் அது உழைப்பா, கொலையா? கிரேக்கத்தில் முதலெழுத்து ஒன்றுதான் இரண்டையும் பிரிக்கிறது. ஒரு வாரம் கையால் எழுதினால் 24 எழுத்தும் வசப்படும்.

குறில் நெடிலில் நமக்கு நல்ல வசதி உண்டு. எப்சிலான்-ஈட்டா, ஒமிக்ரான்-ஒமேகா வேறுபாடு நமது எ-ஏ, ஒ-ஓ போலத்தான். நம் காது அதற்குப் பழகியது. ஆனால் ஆல்ஃபா, அயோட்டா, உப்சிலான் மூன்றிலும் குறிலுக்கும் நெடிலுக்கும் ஒரே எழுத்து. நெடிலானால் தலையில் கோடு போட்டு எழுதுங்கள், அழுத்தக்குறி எங்கே விழும் என்பது அதைப் பொறுத்தது. பெயர்ச்சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்யாமல் எழுவாய் வடிவம், ஆறாம் வேற்றுமை வடிவம், பால் காட்டும் முன்சொல் (ஆங்கில 'the' போன்றது) மூன்றையும் சேர்த்தே படியுங்கள்.