தம்பி போட்ட பில் எங்கே போனது?

கேள்வி: மதுரை விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். பில் போடும் தம்பி கண்ட சாஃப்ட்வேரையும் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார் என்று அவருக்குத் தனி லாகின் போட்டு, ஸ்டாண்டர்டு யூசராக வைத்தேன். இப்போது அவர் போடும் பில் என் லாகினில் தெரிவதில்லை. ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ கொடுத்தால் பாஸ்வேர்டு கேட்கிறது. அதை அவரிடம் சொல்லிவிடலாமா?

பதில்: சொல்லாதீர்கள். கல்லாவைப் பூட்டிவிட்டுச் சாவியை மேலேயே வைத்த கதையாகிவிடும். பில்கள் அழிந்திருக்காது, வேறு இடத்தில் இருக்கும்.

உங்களுடையது பழைய 32 பிட் சாஃப்ட்வேர் என்று நினைக்கிறேன். அந்தக் காலத்துச் சாஃப்ட்வேர்கள் தங்கள் டேட்டாவை புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள்ளேயே எழுதும். 2007-இல் வந்த விஸ்டாவிலிருந்து விண்டோஸ் அங்கே சாதாரணமாக எழுத விடுவதில்லை. ஆனால் எரர் காட்டினால் பழைய சாஃப்ட்வேர் படுத்துவிடுமே! அதனால் எழுதியதுபோல் பாவனை காட்டி, ஃபைலை அந்த யூசரின் ஆப்டேட்டா, லோக்கல், விர்ச்சுவல்ஸ்டோர் என்ற வழியில் ஒதுக்கிவிடுகிறது. ஆளுக்கொரு பிரதி. தம்பியின் பில் அவர் பிரதியில் இருக்கிறது, அவ்வளவுதான்.

உங்கள் லாகினிலும் ஒரு பிரதி இருக்கலாம். அட்மின் லாகினாக இருந்தாலும் வெறும் டபுள் கிளிக்கில் திறக்கும் சாஃப்ட்வேர் குறைந்த உரிமையோடுதான் ஓடும். முழு உரிமை, ‘அனுமதிக்கலாமா’ என்று விண்டோஸ் ‘யெஸ்’ கேட்டுக் காட்டும் அந்தப் பெட்டிக்கு அப்புறம்தான். பலர் எரிச்சலில் அந்தப் பெட்டியையே அணைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் சாஃப்ட்வேரை மூடிவிட்டு, எல்லாப் பிரதிகளையும் பென்டிரைவில் எடுத்து வையுங்கள். ஆப்டேட்டா மறைந்திருக்கும், வியூ மெனுவில் ‘ஹிடன் ஐட்டம்ஸ்’ டிக் செய்தால் தெரியும். எந்தப் பிரதியில் கடைசித் தேதி இருக்கிறது, ஒரே பில் நம்பர் இரண்டிலும் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றின் மேல் ஒன்றை ஒட்டிவிட்டால் ஒரு பக்கத்துக் கணக்கு போய்விடும். விட்டுப்போன பில்களை, கீழே சொல்லும் வேலையெல்லாம் முடிந்த பிறகு, கையால் ஏற்றுவதுதான் பத்திரம்.

டேட்டாவை டி டிரைவுக்கு மாற்றும் வசதி சாஃப்ட்வேரில் இருந்தால் அதுவே நல்லது. இல்லையென்றால் டேட்டா ஃபோல்டரில் மட்டும் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, எடிட் போய், ‘யூசர்ஸ்’ குழுவுக்கு ‘மாடிஃபை’ கொடுங்கள். ‘ஃபுல் கன்ட்ரோல்’ தேவையில்லை. சாஃப்ட்வேரை ஓட்டும் எக்ஸி (.exe) ஃபைல் இருக்கும் ஃபோல்டர் முழுவதற்கும் கொடுக்காதீர்கள். வைரஸ் அந்த எக்ஸியையே மாற்றி வைத்தால், அடுத்து அட்மினாகத் திறக்கப்போவது நீங்கள்தான்.

கடைசியாக, விர்ச்சுவல்ஸ்டோரில் உள்ள அந்த ஃபோல்டரின் பெயரை இரண்டு லாகினிலும் மாற்றிவிடுங்கள். இதை மறந்தால் சாஃப்ட்வேர் பழைய பிரதியையே முதலில் படிக்கும். ‘மாடிஃபை’ கொடுத்தும் பில் தெரியவில்லையே என்று மறுபடி எனக்கு எழுதுவீர்கள்.