அலை அடியில் நழுவிப்போகும் அந்த ஒரு கணம்

வணக்கம் ஐயா,

பத்து வருடங்களாக நாள்தோறும் ஒரு கிலோமீட்டர் நீந்துகிறேன். ஆனால் சர்ஃபிங் கற்கத் தொடங்கி நான்கு மாதமாகியும், இன்னும் நுரையாக உடையாத அலை ஒன்றைக்கூடப் பிடிக்க முடியவில்லை. பலகையில் படுத்து, தோள் கழன்றுவிடும் அளவுக்குக் கைகளால் துழாவுகிறேன். பலகையின் பின்பக்கம் ஒரு கணம் எழும்புகிறது, அதோடு அலை என்னை விட்டுவிட்டுப் போய்விடுகிறது. என்னோடு கற்கும், என்னைவிட மூத்த ஒருவர் ஐந்தாறு இழுப்பில் ஏறிப் போகிறார். கைக்குப் பலம் போதவில்லையா? எடைப் பயிற்சி எடுக்கலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

எடைப் பயிற்சி வேண்டாம். உங்கள் கைகளில் குறையே இல்லை.

ஒன்றரை மீட்டர் ஆழத்தில் வரும் அலையின் வேகம் மணிக்குச் சுமார் 14 கிலோமீட்டர். கை தேர்ந்தவர் மூச்சைப் பிடித்துத் துழாவினாலும் ஏறக்குறைய அதில் பாதியைத்தான் எட்டுவார். மீதியை அலையின் சரிவுதான் தர வேண்டும். சரிவு வந்து சேரும்போது பலகை மட்டமாக, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் போதும், தானாக வழுக்கி இறங்கும். உங்கள் மூத்த நண்பருக்கு நடப்பது இதுதான்.

நீந்தியே பழகியவர்கள் பலகையிலும் நீந்துகிறார்கள். தலையைத் தாழ்த்தி, ஒவ்வொரு இழுப்புக்கும் உடம்பை உருட்டுகிறார்கள். தண்ணீரில் அந்த உருளல் நல்லது. பலகையிலோ அது இரு விளிம்புகளையும் மாறிமாறி அமிழ்த்தி ஓட்டத்தைக் கெடுக்கும். நெஞ்சை உயர்த்துங்கள், கால்களைச் சேர்த்து வையுங்கள், தோளுக்குக் கீழே உடம்பு அசையக் கூடாது. கை பலகையை ஒட்டி முன்னால் இறங்கி, ஆழமாக இழுத்து, இடுப்பருகே வெளியே வரட்டும். நீர் தெறித்தால் காற்றைத்தான் இழுக்கிறீர்கள்.

அடுத்து, படுக்கும் இடம். அலையில்லாத நீரில் துழாவியபடி பலகையின் முனையைப் பாருங்கள். அது நீருக்கு மேலே இரண்டு மூன்று விரல் உயரத்தில் நிற்க வேண்டும். ஒரு சாண் பின்னால் படுத்தாலே முனை வானத்தைப் பார்க்கும், அடியில் தண்ணீர் சளசளவென்று அறையும். அந்தச் சத்தம் கேட்கிறவரை நீங்கள் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருக்கிறீர்கள். கொஞ்சம் கொஞ்சமாக முன்னே நகர்ந்தால் ஓரிடத்தில் சத்தம் சட்டென்று அடங்கும். அந்த அமைதியை முதல்முறை கேட்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி இன்றும் நினைவிருக்கிறது.

இனி, நீங்கள் எழுதிய அந்த ஒரு கணம். பின்பக்கம் எழும்பியதும், கவிழ்ந்துவிடுவோம் என்ற பயத்தில் தலை தானாக நிமிர்கிறது, கை நின்றுவிடுகிறது, எடை பின்னே போகிறது. அலை நழுவுவது அங்கேதான். நானும் பல மாதங்களை அங்கேதான் இழந்தேன். அந்த நொடியில் மோவாயைப் பலகையை நோக்கித் தாழ்த்துங்கள். பிடித்துவிட்டோம் என்று தோன்றிய பிறகும் இரண்டு இழுப்பு இழுங்கள். அதற்குப் பிறகே எழுந்து நில்லுங்கள்.

அலை செங்குத்தாகிவிட்டால் இதே முன்சாய்வு முனையை நீருக்குள் குத்தவைக்கும். ஆகவே அலை மெதுவாகச் சரியும் இடத்தில் பழகுங்கள். நீங்கள் பிடிக்கப்போகும் அலையில் ஏற்கெனவே ஒருவர் வந்துகொண்டிருந்தால் அதை விட்டுவிடுங்கள்.

சத்தம் அடங்கிய இடத்தில் படுத்து, மோவாய் படும் புள்ளியில் மெழுகால் ஒரு கோடு போட்டு வையுங்கள். அடுத்த பத்து அலைகளுக்கு அந்தக் கோட்டை விட்டு நகராதீர்கள். என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள்.