பட்டணம்காத்தான் பக்கம் மூன்று வருட வீடு: அட்வான்ஸ் கொடுத்தாயிற்று, இனி என்ன செய்வது?

கேள்வி: நான் பரமக்குடி அருகே அரசுப் பள்ளி ஆசிரியை. ராமநாதபுரம் பட்டணம்காத்தான் பக்கம், கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து சற்று உள்ளே, புதிதாக வீடுகள் பெருகிவரும் பகுதியில் 3 சென்ட் மனையில் ஒரு வீடு பார்த்தோம். கட்டி மூன்று வருடம் ஆகிறது. விலை 34 லட்சம். உரிமையாளர் துபாயில் வேலை பார்க்கிறார். அவருடைய தம்பி பவர் (அவர் சார்பில் செயல்பட எழுதிக்கொடுத்த அதிகாரப் பத்திரம்) வைத்துக்கொண்டு விற்கிறார். 20 ரூபாய் பத்திரத்தாளில் ஒப்பந்தம் எழுதி 3 லட்சம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம். அதில் 1 லட்சம் ரொக்கம். இப்போது வங்கியில், மனைக்கு அங்கீகாரம் இல்லை, கடன் தர முடியாது என்கிறார்கள். 2014-இல் மனையாகவே பதிவான பத்திரம், ஊராட்சித் தலைவர் கையெழுத்திட்ட வரைபடம், வீட்டு வரி ரசீது எல்லாம் இருக்கின்றன. வில்லங்கம் போட்டுப் பார்த்தோம், சுத்தம். பட்டா மட்டும் பழைய நிலக்காரர் பெயரில் கூட்டுப் பட்டாவாக இருக்கிறது. "ஆபீசில் பத்திரம் பதிவாகும், அப்புறம் என்ன பயம்?" என்று கேட்கும் தம்பி, பதினைந்து நாளில் மீதியைக் கொடுக்காவிட்டால் அட்வான்ஸ் கிடையாது என்கிறார். இல்லையென்றால் தேவிபட்டினத்தில் கடலை ஒட்டி 26 லட்சத்துக்கு இன்னொரு வீடு இருக்கிறது, அதை எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார். என்ன செய்வது?

பதில்: மீதிப் பணத்தை இப்போது கொடுக்காதீர்கள். அட்வான்ஸ் போய்விடும் என்ற பயமும் வேண்டாம். குறை விற்பவர் பக்கம் இருக்கும்போது வாங்குபவரின் முன்பணத்தை அவர் விழுங்கிவிட முடியாது. ஆனால் பதினைந்து நாள் முடிவதற்குள் நீங்கள் எழுத்தில் சில காரியங்கள் செய்தாக வேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன்.

தம்பி சொல்வதில் பாதி உண்மை. பத்திரம் பதிவாகும். பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு அங்கீகாரமில்லாத மனைப்பிரிவில் உள்ள மனையைப் பதியக் கூடாது என்கிறது. அதே பிரிவில் ஒரு விலக்கும் இருக்கிறது: அந்த மனை முன்பே வீட்டு மனையாகப் பதிவாகியிருந்தால் மறுபடியும் பதியலாம். உங்கள் மனை 2014-இல் பதிவானது, அதனால் சார்பதிவாளர் மறுக்க மாட்டார். அவர் ஆவணத்தைப் பதிகிறாரே தவிர, மனைக்கு அங்கீகாரம் உண்டென்று சான்று தருவதில்லை. இன்று உங்கள் வங்கி சொன்னதை, நாளை நீங்கள் விற்கப்போகும்போது வாங்க வருபவரின் வங்கியும் சொல்லும். மாடி எடுக்க முறையான அனுமதி கேட்டாலும் இதே இடத்தில்தான் நிற்கும்.

ஊராட்சித் தலைவரின் கையெழுத்து இதைச் சரிசெய்யாது. கட்டட வரைபடத்துக்கு அனுமதி தரும் அதிகாரம் ஊராட்சிக்கு உண்டு. நிலத்தை மனைகளாகப் பிரிப்பதற்கு நகர் ஊரமைப்பு இயக்ககத்தின், அதாவது டி.டி.சி.பி.யின் ஒப்புதல் இல்லாமல் ஊராட்சி மட்டும் அனுமதி தர முடியாது. வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு இரண்டும் வரி கட்டியதற்கும் மின்சாரம் வந்ததற்கும் சாட்சி, வேறெதற்கும் இல்லை.

இதற்கு வழி மனை வரன்முறை, அதாவது அங்கீகாரமில்லாத மனையைக் கட்டணம் கட்டி முறைப்படுத்துவது. 20.10.2016 அன்றோ அதற்கு முன்போ பதிவான மனைகளுக்காக 2017-இல் விதிகள் கொண்டுவந்தார்கள். உங்களுடையது 2014, தேதியளவில் தகுதி இருக்கிறது. முதலில் அந்த மனைப்பிரிவு முழுவதற்கும் டி.டி.சி.பி. கொள்கை அளவிலான ஒப்புதல் தந்திருக்கிறதா என்று கேளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் யாராவது வரன்முறை ஆணை வாங்கியிருந்தால் அதன் நகலைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஒப்புதல் இருந்தால் தனி மனைக்கு வரன்முறைக் கட்டணமும் வளர்ச்சிக் கட்டணமும் கட்டி ஆணை பெற வேண்டும். விண்ணப்பிக்கும் காலக்கெடு பல தடவை நீட்டிக்கப்பட்டது என்பதால் இன்றைய நிலையை அலுவலகத்தில் நேரில் உறுதி செய்துகொள்ளுங்கள். இந்தச் செலவும் அலைச்சலும் விற்பவருடையது. மனை வரன்முறை ஆனாலும் கட்டடத்துக்கு அனுமதி ஆனதாகாது, அது தனி. இரண்டும் கைக்கு வர வேண்டும்.

கண்மாய், ஊருணி, ஓடை, வரத்துக்கால் நிலத்தில் விழுந்த மனைக்கு வரன்முறையே கிடையாது. சக்கரக்கோட்டைக் கண்மாய் போன்ற பெரிய நீர்நிலைகளைச் சுற்றி வளரும் ஊர் இது. அதனால் சர்வே எண்ணுக்கு அ-பதிவேட்டையும் (நிலத்தின் வகைப்பாட்டைச் சொல்லும் கிராமக் கணக்கு) கிராம வரைபடத்தையும் கிராம நிர்வாக அலுவலரிடம் பாருங்கள். உங்கள் எண் மட்டும் போதாது, ஒட்டியிருக்கும் எண்களின் வகைப்பாட்டையும் பாருங்கள். கோயில் நிலம், வக்ஃப் நிலம் என்ற குறிப்பு இருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

கூட்டுப் பட்டா என்பதால் உங்கள் 3 சென்ட் தரையில் எங்கே இருக்கிறது என்று அரசு ஆவணம் இன்னும் சொல்லவில்லை. பத்திரத்தில் சொத்து விவரம் "கிழமேல் இருபுறமும் 30 அடி, தென்வடல் இருபுறமும் 43½ அடி" என்று இருந்தால் 1,305 சதுர அடி, கிட்டத்தட்ட 3 சென்ட். டேப்பைப் பிடித்து நான்கு பக்கமும் அளந்து பாருங்கள். சுற்றுச்சுவர் தென்புறம் 42 அடியிலேயே நின்றால் ஒன்றரை அடி பக்கத்து மனைக்குப் போயிருக்கிறது, இல்லையேல் மனையே நகர்ந்திருக்கிறது. பிறகு உரிமையாளர் பெயரில் உட்பிரிவு செய்து தனிப் பட்டாவும் புலப்படமும் (மனையின் எல்லை அளவுகளைக் காட்டும் சர்வே வரைபடம்) வாங்கித் தரச் சொல்லுங்கள். சர்வேயர் அளக்கும்போது நீங்களும் நில்லுங்கள். வீட்டுக்கு முன்னுள்ள பாதை ஊராட்சிக்குத் தானப் பத்திரமாகக் கொடுக்கப்பட்டதா என்பதையும் பாருங்கள். கொடுக்காத பாதை இன்றும் மனை போட்டவர் நிலம்தான்.

வில்லங்கம் சுத்தம் என்கிறீர்கள். எந்தச் சர்வே எண்ணுக்கு, எத்தனை வருடத்துக்குப் போட்டீர்கள்? மனை பிரிக்கும் முன்பிருந்த தாய் சர்வே எண்ணுக்கு 30 வருடத்துக்குப் போட வேண்டும். நிலக்காரர் இறந்த பிறகு மகன்கள் மட்டும் கையெழுத்திட்டு விற்றிருந்தால், மகள்களின் பங்கு அப்படியே நிற்கிறது. வாரிசுச் சான்றிதழையும் மூலப் பத்திரத்தையும் பக்கத்தில் வைத்துப் பெயர் பெயராக ஒப்பிடுங்கள். பதிவு செய்யாத உயில், நிலுவையில் உள்ள வழக்கு இரண்டும் வில்லங்கச் சான்றில் வராமல் போகலாம்.

பவர் விஷயம்தான் எனக்குப் பெரிய கவலை. ராமநாதபுரம், கீழக்கரைப் பக்கம் பல வீடுகளில் ஒருவர் வளைகுடாவில் இருக்கிறார், அதனால் பவரில் விற்பது தினசரி வழக்கம். வெளிநாட்டில் எழுதிய பவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்திலோ நோட்டரியிடமோ முறையாக அத்தாட்சி பெற்றிருக்க வேண்டும். இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைக் கட்டணம் செலுத்தியிருக்க வேண்டும். மூல ஆவணத்தையே பாருங்கள், நகல் போதாது. விற்கவும், விலையைப் பெற்றுக்கொள்ளவும், கிரையப் பத்திரத்தில் கையெழுத்திடவும் வெளிப்படையான அதிகாரம் எழுதியிருக்க வேண்டும். "பராமரிக்க, வாடகைக்கு விட" என்று மட்டும் இருந்தால் அதை வைத்து விற்க முடியாது. எழுதிக்கொடுத்தவர் இறந்தால் பவரும் அன்றே இறந்துவிடுகிறது. எனவே அவர் உயிருடன் இருக்கிறார் என்ற சமீபத்திய சான்றும், பவரை ரத்து செய்யவில்லை என்ற உறுதியும் வேண்டும். அவரோடு காணொளியில் பேசுங்கள். பணத்தை உரிமையாளரின் வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள். தம்பி கணக்கு வேண்டாம். உரிமையாளர் ஊருக்கு வரும் மாதம் பக்கத்தில் இருந்தால் காத்திருந்து அவர் கையெழுத்திலேயே கிரையம் பெறுவது எல்லாவற்றிலும் நல்லது.

வெளிநாட்டில் வசிப்பவரிடம் வாங்கும்போது இன்னொரு பொறுப்பு உங்கள் தலையில் விழுகிறது. உள்ளூர்க்காரரிடம் வாங்கினால் 50 லட்சத்துக்குக் கீழே வருமான வரி பிடித்தம் இல்லை. விற்பவர் வரிச் சட்டப்படி வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் அந்த 50 லட்ச வரம்பு பொருந்தாது, 34 லட்சத்துக்கும் பிடித்துக் கட்ட வேண்டும். குறைந்த விகிதத்தில் பிடிக்க வருமான வரித் துறையிடம் அவர் சான்று வாங்கித் தரலாம். சான்று இல்லாவிட்டால் முழு விலையின் மீதே பிடிக்கச் சொல்வது வழக்கம். பிடிக்காமல் கொடுத்துவிட்டால் துறை உங்களைத்தான் கேட்கும். பணம் கைமாறும் முன் ஆடிட்டர் ஒருவரைப் பாருங்கள்.

கட்டடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ எட்டுக்கு மேற்பட்ட வீடுகளாகவோ கட்டி விற்கும் திட்டம் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாக வேண்டும். அங்கே கட்டமைப்புக் குறைகளுக்கு ஐந்து வருடம் கட்டியவர் பொறுப்பு. தனி வீட்டை உரிமையாளர் விற்கும்போது அந்தப் பாதுகாப்பு உங்களுக்கு இல்லை. ஆகவே முன்பே பார்க்க வேண்டும். இந்தப் பக்கம் போர் தண்ணீர் பல இடத்தில் உப்பு, அதில் கலந்த கான்கிரீட்டில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். சன்ஷேடின் அடிப்பாகத்தையும் குளியலறை மேல்தளத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். கம்பி ஓடும் நேர்க்கோட்டில் பழுப்புக் கறையோ மயிரிழை விரிசலோ தெரிந்தால், புது பெயிண்ட் அடித்திருந்தாலும் உள்ளே துரு தொடங்கிவிட்டது. சுத்தியலால் லேசாகத் தட்டினால் அந்த இடம் பொள்ளென்று கேட்கும். சுவரின் அடியில் ஒரு முழம் உயரம் வரை வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா பாருங்கள். காவிரிக் கூட்டுக் குடிநீர் இணைப்பு அந்தத் தெருவுக்கு உண்டா, ஐப்பசி கார்த்திகை மழையில் தெருவில் தண்ணீர் எவ்வளவு நின்றது என்று நாலு வீட்டில் கேளுங்கள்.

இனி அட்வான்ஸ். பதினைந்து நாள் முடியும் முன் வக்கீல் நோட்டீஸ் ஒன்றை ஒப்புகையுடன் விரைவு அஞ்சலில் தம்பிக்கும் உரிமையாளருக்கும் அனுப்புங்கள். வீட்டை வாங்க நீங்கள் தயாராகவும் விருப்பமாகவும் இருக்கிறீர்கள், வரன்முறை ஆணை, கட்டட அனுமதி, தனிப் பட்டா, செல்லத்தக்க பவர் ஆகியவற்றைத் தந்ததும் மீதியைத் தருகிறீர்கள் என்று அதில் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் மட்டும் சொல்லி விடாதீர்கள். சொத்திலுள்ள முக்கியக் குறையை வாங்குபவருக்குத் தெரிவிக்க வேண்டியது சொத்து மாற்றுச் சட்டம் 55-ஆம் பிரிவின்படி விற்பவர் கடமை. வாங்குபவர் நியாயமில்லாமல் பின்வாங்கினால் ஒழிய, கொடுத்த முன்பணத்துக்கு அந்தச் சொத்தின் மீதே பொறுப்புரிமை, அதாவது சொத்திலிருந்தே வசூலித்துக்கொள்ளும் உரிமை, உண்டு என்றும் அதே பிரிவு சொல்கிறது.

தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரைய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். உங்கள் 20 ரூபாய்த் தாள் பதிவாகவில்லை. அதனால் அது குப்பை ஆகிவிடவில்லை: ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கோரும் வழக்கில் பதிவாகாத ஒப்பந்தத்தையும் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் ஒரு தமிழ்நாட்டு வழக்கில் சொல்லியிருக்கிறது. வழக்குப் போட மூன்று வருட அவகாசம். போட்டால் முன்பணத்தைத் திருப்பித் தரும்படியும் மனுவிலேயே மாற்றாகக் கேளுங்கள்; கேட்காத பரிகாரத்தை நீதிமன்றம் தராது. சொத்துக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ முன்பணத்தை ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி தவறு, அபராதம் வாங்கியவருக்கு. 1 லட்சம் ரொக்கம் ஒப்பந்தத்தில் எழுதப்படாமல் இருந்தால் முதலில் ரசீது வாங்குங்கள்.

அவர் ஒத்துக்கொண்டால் புதிய ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். ஆறு மாத அவகாசம், அதற்குள் நான்கு ஆவணமும் வராவிட்டால் அட்வான்ஸ் வட்டியோடு திரும்ப வேண்டும் என்ற நிபந்தனை போதும். கிரையச் செலவுக்கு 7 சதவீத முத்திரைத் தீர்வை, 2 சதவீதப் பதிவுக் கட்டணம் சேர்த்து 34 லட்சத்துக்கு 3,06,000 ரூபாய் எடுத்துவையுங்கள்.

தேவிபட்டினம் வீட்டை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். உயர் அலைக் கோட்டிலிருந்து, அதாவது கடல் நீர் ஏறி வரும் எல்லையிலிருந்து, 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலம். கிராமப் பகுதியில் முதல் 200 மீட்டரில் பொதுவாகப் புதுக் கட்டடம் கூடாது. மக்கள் நெருக்கமாக வாழும் கிராமங்களுக்கு 2019 அறிவிக்கை இதை 50 மீட்டராகக் குறைத்தாலும், அதற்கேற்ற மேலாண்மைத் திட்டமும் வரைபடமும் ஒப்புதல் பெற்ற பிறகே அது பொருந்தும். சார்பதிவாளர் இதைப் பார்ப்பதில்லை, பத்திரம் சிரமமில்லாமல் பதிவாகிவிடும். கேரளாவின் மரடில் கடலோர விதியை மீறிய நான்கு அடுக்குமாடிகளை 2020 ஜனவரியில் இடித்தபோது, பத்திரம் வைத்திருந்தவர்கள்தான் வீட்டை இழந்தார்கள். அந்த 26 லட்ச வீட்டுக்குக் கடலோர மண்டல அனுமதி எண் என்ன, சர்வே எண் வரைபடத்தில் எந்தக் கோட்டுக்குள் விழுகிறது என்று கேளுங்கள். இரண்டுக்கும் ஆட்சியர் அலுவலகத்தில் சரிபார்க்கக்கூடிய காகிதம் வரும்வரை ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்க வேண்டாம்.