காணும் பொங்கலும் மூன்று படிகளும்

ஐயா, வணக்கம்.

நாங்கள் ஆறு பேர் பள்ளிக்கூட நண்பர்கள். எல்லாருக்கும் ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது வயது. யார் எங்கே இருந்தாலும் காணும் பொங்கலன்று மயிலாடுதுறைப் பக்கம் இருக்கும் என் பூர்வீக வீட்டில் கூடிவிடுவோம். புளியோதரை, தேங்காய் சாதம், எலுமிச்சை சாதம், தயிர் சாதம், வடை, பாயசம் என்று என் மனைவி செய்துவைப்பார். கூடத்தில் வரிசையாக இலை போட்டு உட்கார்ந்தால் எழுந்திருக்க மூன்று மணி ஆகும்.

ஏழு வருடத்துக்கு முன் எங்களில் ஒருவர் பைக்கிலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை, வீல்சேர்தான். அதற்கப்புறமும் இரண்டு பொங்கலுக்கு வந்தார். வீடு தொண்ணூறு வருடப் பழசு. தெருவிலிருந்து மூன்று படி, அப்புறம் நாலு விரல் உயரத்துக்கு நிலைப்படி. நாங்கள் நான்கு பேர் வீல்சேரோடு தூக்கிக்கொண்டு போய்விடுவோம். எங்களுக்கு அது பாரமே இல்லை. ஆனால் அவர் சரியாகச் சாப்பிடமாட்டார். தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். மூன்றாம் வருடத்திலிருந்து வருவதையே நிறுத்திவிட்டார். பொங்கலுக்கு முன்தினம் ஸ்வீட்டும், செலவுக்கென்று பங்கைவிட அதிகமாகப் பணமும் மட்டும் தவறாமல் வந்துவிடுகிறது. தன் வீட்டுக்கு வரச் சொல்லி இரண்டு முறை கூப்பிட்டார். வாடகை வீடு, அவர் மனைவியும் வேலைக்குப் போகிறவர், உனக்கு எதற்குச் சிரமம் என்று நாங்கள்தான் மறுத்துவிட்டோம்.

‘அவனுக்கு வீம்பு’ என்கிறான் எங்களில் ஒருவன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தூக்கிப் போக ஆள் இருக்கும்போது ஏன் வர மறுக்கிறார்? பாட்டன் கட்டிய வீட்டை இடிக்கவா முடியும்?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

‘தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தைத் தாண்டி என்னால் மேலே படிக்க முடியவில்லை. உங்கள் வீட்டுக் கழிவறை எங்கே இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் அந்தக் காலத்து வீடுகள் எனக்குப் பழக்கம். கிணற்றடி தாண்டி, கொல்லையில், ஒரு படி ஏறியோ இறங்கியோ போகவேண்டும். கதவு இரண்டடி அகலம் இருந்தால் அதிகம். வீல்சேர் பெரும்பாலும் இரண்டடிக்கு மேல் இருக்கும். முதுகுத்தண்டில் அடிபட்டவர்கள் பலர் நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று கணக்கு வைத்து, டியூப் போட்டுத்தான் சிறுநீர் கழிக்கவேண்டியிருக்கிறது. அதற்குச் சுத்தமான இடமும், உள்ளே தாழ்போட ஒரு கதவும் வேண்டும். தண்ணீர் அதிகம் குடித்தால் நேரம் முந்திக்கொள்ளும். உங்கள் நண்பர் காலையிலிருந்தே அந்தக் கணக்கோடு வந்து உட்கார்ந்திருப்பார். சரியாகச் சாப்பிடாததற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். அவரிடம் கேட்டுவிடுங்கள். நாற்பது வருட நண்பரிடம் கேட்கக் கூசவேண்டியதில்லை.

என் அக்காவுக்குச் சிறுவயதில் இளம்பிள்ளை வாதம். காலிப்பர் என்கிற தாங்கியைக் காலில் மாட்டித்தான் நடப்பாள். உறவில் எந்தக் கல்யாணமானாலும் அவளைக் கூட்டிக்கொண்டு போவோம். நம் ஊர்க் கல்யாண மண்டபங்களில் தாலி கட்டுவது ஒரு தளத்தில், சாப்பாடு இன்னொரு தளத்தில். ஒன்று மாடியில் இருக்கும், அல்லது கீழே நிலவறையில். ‘பந்தி போட்டாச்சு, வாங்க வாங்க’ என்று சத்தம் வந்ததும் மொத்தக் கூட்டமும் படியைப் பார்த்து நகரும். அக்கா மட்டும் மணமேடைக்கு எதிரே, காலி நாற்காலிகளுக்கு நடுவில் இருப்பாள். அப்புறம் நான் ஒரு தட்டில் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு வருவேன். ஜாங்கிரி சாம்பாரில் நனைந்திருக்கும், அப்பளம் நமத்திருக்கும். அதைப் பற்றி அவள் ஒருநாளும் குறை சொன்னதில்லை. ‘உன் பக்கத்துல யாரு உக்காந்தா? என்ன பேசிக்கிட்டீங்க?’ என்றுதான் கேட்பாள். ஒவ்வொரு கல்யாணத்திலும் இதே கேள்வி. அவள் எதைக் கேட்கிறாள் என்பது எனக்கு ஐம்பது வயதுக்கு மேல்தான் புரிந்தது. அதற்குள் அவள் கல்யாணங்களுக்கு வருவதை நிறுத்தியிருந்தாள். மொய்ப்பணம் மட்டும் என்னிடம் கொடுத்தனுப்புவாள், எங்கள் எல்லாரையும்விடக் கூடுதலாக. அதனால்தான் உங்கள் நண்பர் அனுப்பும் பணத்தைப் பற்றிப் படித்ததும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அந்தப் பந்தியில் தன் இலை எடுபட்டுவிடக் கூடாது என்பதற்காக அவர் அனுப்புகிறார் என்று நினைக்கிறேன். அதை வீம்பு என்று இனி யாரும் சொல்லவேண்டாம்.

தூக்குவது உங்களுக்குப் பாரமில்லை என்கிறீர்கள். நம்புகிறேன். ஆனால் தூக்கப்படுகிறவர் பக்கத்திலிருந்து பாருங்கள். தெருவே பார்க்க நான்கு பேர் கையில் சாய்ந்துகொண்டு போகவேண்டும். சில வீல்சேர்களின் கைப்பிடி கழற்றக்கூடியது. அதைப் பிடித்துத் தூக்கினால் கையோடு வந்துவிடும். காலில் சிராய்ப்பு விழுந்தாலும் அவருக்கு வலிக்காது, ராத்திரி வீட்டில் பார்த்தால்தான் தெரியும். உங்களுக்கும் அறுபது நெருங்குகிறது. இதற்கெல்லாம் மேலே ஒன்று உண்டு. உள்ளே போய்விட்டால், நீங்கள் நான்கு பேரும் கை கழுவி எழுந்து வரும்வரை அவர் வெளியே வர முடியாது. நடுவில் அலுத்துப்போய் ஐந்து நிமிடம் திண்ணைப் பக்கம் போய்வரலாம் என்று நீங்கள் நினைத்தால் போய்விடுவீர்கள். அவர் உங்களைக் கூப்பிடவேண்டும். அதோடு நீங்கள் எல்லாரும் தரையில், அவர் மட்டும் மேலே, மடியில் தட்டோடு. பேச்சு முழுக்க அவர் முழங்காலுக்குக் கீழேதான் நடந்திருக்கும்.

வேலூரில் ஒரு டாக்டர் இருந்தார், மேரி வர்கீஸ். 1954-இல் உடன் வேலை பார்த்தவர்களோடு உல்லாசப் பயணம் போனபோது வண்டி விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே செயலிழந்துபோனார். அறுவை மருத்துவராக வரவேண்டியவருக்கு இனி என்ன வழி என்று பார்த்தபோது, தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களைச் சரிசெய்யும் அறுவையை உட்கார்ந்தபடியே செய்யலாம் என்பது கண்ணில் பட்டது. கை அறுவை மருத்துவர் உட்கார்ந்து செய்கிற வேலைதான். வீல்சேரில் இருந்தபடியே அவர் எத்தனையோ பேருக்குக் கையைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு அதே வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மறுவாழ்வுச் சிகிச்சையை வளர்த்தெடுத்தார். அவர் உட்கார்ந்திருந்த உயரத்துக்கு ஒத்துவரும் வேலையைத் தேடினார்கள், அது கிடைத்தது. உங்கள் பந்தியையும் அப்படிப் பார்க்கச் சொல்கிறேன்.

வீட்டை இடிக்கவேண்டாம். ‘பழைய கட்டடம்’ என்ற சொல்லை அரசு அலுவலகங்களும் நிறையச் சொல்லியாயிற்று. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஏற்கெனவே இருக்கும் பொதுக் கட்டடங்களையும் ஐந்து ஆண்டுக்குள் அவர்கள் புழங்கும்படி மாற்றச் சொன்னது. விதிகள் 2017-இல் வந்தன, கெடு 2022-இல் முடிந்துவிட்டது. அதற்கான அளவுகோல்களை வெறும் பரிந்துரையாக விட்டுவைக்கக் கூடாது, கட்டாய விதியாக்குங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் சொல்லவேண்டிவந்தது. மெரினா மணலில்கூட 2022-இல் வீல்சேர் கடல்வரை போக மரப்பாதை போட்டார்கள். இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் அதன் ஒரு பகுதியைச் சிதைத்தது, சரிசெய்துவிட்டார்கள். உங்கள் வீட்டுக்குச் சட்டம் வராது. நீங்களும் ஒரு ஆசாரியும் போதும்.

சாய்தளத்துக்கு ஒரு கணக்கு உண்டு: ஓரடி ஏற பன்னிரண்டு அடி நீளம். உங்கள் மூன்று படி ஒன்றரை அடி உயரம் இருக்குமென்றால் பதினெட்டு அடி. நிலைப்படிக்கு இன்னும் மூன்று அடி. மேலே வாசலுக்கு நேரே வீல்சேர் திரும்ப ஐந்தடிக்கு ஐந்தடி சமதளமும் வேண்டும். தெருப்பக்கம் அவ்வளவு இடம் கிடைப்பது கஷ்டம். குறுகலாக, செங்குத்தாக ஒரு சிமெண்டுச் சரிவு மட்டும் கட்டிவிடாதீர்கள், அது படியைவிட ஆபத்து.

கொல்லைப்பக்கம் போய்ப் பாருங்கள். அந்தக் காலத்தில் வைக்கோல் வண்டி வந்துபோன வழி இருந்தால் அது தரைமட்டத்தில்தான் இருக்கும், அகலத்துக்கும் குறைவிருக்காது. காணும் பொங்கல் எப்படியும் ஆற்றங்கரையில், மரத்தடியில் வைத்துச் சாப்பிடுகிற நாள். கூடத்தை விட்டுவிட்டு அன்று கொல்லையில் பந்தல் போட்டு, மேசை பெஞ்சு போட்டு, அதன்மேல் இலையை விரியுங்கள். மேசை அவர் முழங்கால் உள்ளே போகிற உயரத்தில் இருக்கட்டும். மண் புதையுமென்றால் பலகை போட்டு இறுக்கிவிடுங்கள். கழிவறையும் நான் நினைப்பதுபோல் கொல்லையில்தான் என்றால் அங்கிருந்து பத்தடிதான். அந்தக் கதவை மட்டும் மூன்றடியாக்கி, படியைச் சமமாக்கி, சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி பதித்து, வீல்சேர் பக்கவாட்டில் நிற்க இடம் விட்டு, உட்கார மேற்கத்தியக் கோப்பை வைத்துவிடுங்கள். செலவு செய்யவேண்டிய இடம் அதுதான். உங்களுக்கே முழங்கால் வலி வரும் வயதில் அது உதவும்.

ஒன்றில் கவனமாக இருங்கள். இம்மாதிரி வீடுகளில் ஒரு காலத்தில் யாரைக் கொல்லை வழியாக வரச் சொன்னார்கள் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவரை மட்டும் அந்த வழியே கூட்டிவராதீர்கள். அன்றைக்கு ஆறு பேரும், குடும்பமும், வாழைத்தார் கொண்டுவருகிற பையனும் அந்த வழியாகவே வாருங்கள்.

இதெல்லாம் அடுத்த பொங்கலுக்குச் செய்துகொள்ளலாம். அதற்கு முன்னால் இந்த வருடம் இருக்கிறது. அவர் இரண்டு முறை கூப்பிட்டார், நீங்கள் போகவில்லை. அன்பினால்தான் மறுத்தீர்கள், சரி. ஆனால் வீட்டுக்கு ஆளை வரவழைத்து இலை போட்டு, ‘இன்னும் கொஞ்சம் வச்சுக்கடா’ என்று சொல்லும் உரிமை ஏழு வருடமாக அவருக்குக் கிடைக்கவில்லை. அவர் வீட்டில் அவருக்குத் தூக்க ஆள் வேண்டாம். எந்தக் கதவு எவ்வளவு அகலம் என்பது அவருக்குத் தெரியும். இன்றே போன் செய்து, இந்தக் காணும் பொங்கலுக்கு உன் வீட்டுக்கு வரலாமா என்று கேளுங்கள். அவர் மனைவியிடமும் கேளுங்கள். சரி என்றால் ஐந்து பேரும் போங்கள். பாதிச் சமையலை நாங்கள் கொண்டுவருகிறோம் என்று பேச்செடுக்காதீர்கள், அவர் என்ன போடுகிறாரோ அதைச் சாப்பிடுங்கள். இடம் நெருக்கமாக இருந்தால் கட்டிலில் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

முடிந்தால் அங்கே அவர் எத்தனை டம்ளர் தண்ணீர் குடித்தார் என்று எனக்கு எழுதுங்கள்.