வினிகர் வாடை வீசும் பொம்மையைக் கழுவலாமா?

கேள்வி: அட்லாண்டாவில் வசிக்கிறேன். எண்பது வயதைக் கடந்த பக்கத்து வீட்டுக் கறுப்பின அம்மையார் வீட்டைக் காலி செய்தபோது, தம் சிறுவயதுப் பொம்மைகள் மூன்றை எனக்குக் கொடுத்தார். ஒன்றின் முதுகில் 'டெர்ரி லீ' என்று நிறுவனப் பெயர் பொறித்திருக்கிறது. வினிகர் வாடை வீசுகிறது. இன்னொன்றை 'சாராலீ' என்றார். துணி உடல், முகமும் கைகளும் பிசுபிசுக்கின்றன. மூன்றாவதில் பழுப்பு வர்ணம் வெடித்து உரிகிறது. கொலு பொம்மைகளைப் போல் கழுவி வர்ணம் பூசிப் புதுப்பிக்கலாமா? டெர்ரி லீ பொம்மை, அந்த நிறுவனம் விற்ற கறுப்பினச் சிறுமிப் பொம்மையான 'பேட்டி-ஜோ'வாக இருக்குமா?

பதில்: கழுவ வேண்டாம். வர்ணம் பூசவே வேண்டாம். முதல் வேலையாக மூன்றையும் ஒன்றையொன்று தொடாமல் பிரித்து வையுங்கள். மூன்றும் வெவ்வேறு பொருளால் ஆனவை. ஒன்றுக்கு நல்லது இன்னொன்றுக்குக் கேடு.

வினிகர் வாடைதான் அவசரமான விஷயம். அந்தக் காலக் கடினப் பிளாஸ்டிக் பொம்மைகள் பல செல்லுலோஸ் அசிடேட்டால் ஆனவை. அது சிதையும்போது அசிட்டிக் அமிலம் வெளிப்படுகிறது. அந்த அமிலமே சிதைவை மேலும் விரைவாக்குகிறது. பழைய திரைப்படச் சுருள்களை அழிப்பதும் இதே கோளாறுதான். குணப்படுத்த வழியில்லை, வேகத்தைக் குறைக்கலாம். உடையைக் கழற்றித் தனியே வையுங்கள். அமிலம் துணியை அரிக்கும், உள்ளே இருக்கும் இரும்புக் கொக்கிகளைத் துருப்பிடிக்கச் செய்யும். பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டாதீர்கள். அமிலமற்ற அட்டைப் பெட்டியில், அமிலமற்ற மென்தாள் விரித்து, காற்று போகும்படி வையுங்கள். ஆவியை உறிஞ்சப் பெட்டிக்குள் கிளர்வூட்டிய கரி வைக்கலாம். சிதைவு எந்த நிலையில் இருக்கிறது என்று அறிய, திரைப்படக் காப்பகங்கள் பயன்படுத்தும், அமிலத்தைக் காட்டும் ஏ-டி பட்டைகள் உதவும். அமிலம் கூடக்கூட அவை நீலத்திலிருந்து பச்சைக்கும் மஞ்சளுக்கும் மாறும்.

அட்லாண்டாவின் கோடையில் பரணும் நிலவறையும் கூடவே கூடாது. குளிர்சாதனம் ஓடும் அறையில், வெளிச்சுவரை ஒட்டாத அலமாரி போதும். ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி, ஏற்ற இறக்கமில்லாமல் இருக்கட்டும்.

சாராலீயின் பிசுபிசுப்பு அழுக்கால் வந்ததல்ல. அதன் முகமும் கைகளும் வினைல் என்ற மென்மையான பிளாஸ்டிக்கால் ஆனவை. வினைலை மென்மையாக வைத்திருக்கச் சேர்த்த எண்ணெய் போன்ற பொருள் மேலே கசிகிறது. ஒரு சொட்டு மென்சோப்புக் கலந்த நீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த பருத்தித் துணியால் வினைலை மட்டும் ஒற்றி எடுக்கலாம். கண், உதடு வர்ணத்திலும் துணி உடலிலும் ஈரம் படக் கூடாது. பவுடர் தூவினால் ஒட்டிக்கொண்டு போகவே போகாது. மென்தாளும் ஒட்டும் என்பதால், தொடும் இடங்களில் சிலிக்கோன் பூசிய தாளை வையுங்கள். டெர்ரி லீயின் பக்கத்தில் இதைக் கிடத்தினால், கசியும் பொருள் கடினப் பிளாஸ்டிக்கையும் இளக்கிவிடும்.

இங்கே ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். பொம்மைக் கறை நீக்க முகப்பருக் களிம்பு பூசி வெயிலில் வைக்கச் சொல்லும் குறிப்புகளைப் பார்ப்பீர்கள். அதில் உள்ள பென்சாயில் பெராக்சைடு வெளுக்க வைக்கும் மருந்து. அந்தக் குறிப்புகள் வெளிர்நிறப் பொம்மைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. பழுப்பு வினைலில் அது வெளிறிய திட்டுகளை நிரந்தரமாக விட்டுச்செல்லும். சுரண்டித் துடைக்கும் மெலமைன் பஞ்சும் அப்படியே.

நிறத்தில் நான் இவ்வளவு கறாராக இருக்கக் காரணம் உண்டு. ஃப்ளோரிடாவின் பெல் கிளேடில் வாழ்ந்த சாரா லீ கிரீச் என்ற வெள்ளைக்காரப் பெண்மணி, இரண்டு கறுப்பினச் சிறுமிகள் வெள்ளைப் பொம்மைகளோடு விளையாடியதைப் பார்த்து மனம் உறுத்தித் தொடங்கிய முயற்சி சாராலீ. அதுவரை கடைகளுக்கு வந்த கறுப்புப் பொம்மைகளில் மிகப் பல, வெள்ளைப் பொம்மையின் அச்சில் வார்த்துப் பழுப்பு பூசியவை, அல்லது கேலிச்சித்திரங்கள். இதற்கோ கறுப்பினக் குழந்தைகளின் புகைப்படங்களைக் கொண்டு சிற்பி ஷீலா பர்லிங்கேம் முகம் வடித்தார். எழுத்தாளர் சோரா நீல் ஹர்ஸ்டன் ஆதரவு தந்தார். தோல் எந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்யவே 1951இல், மறைந்த அமெரிக்க அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட் நியூயார்க்கில் ஒரு தேநீர் விருந்து கூட்டினார். ஐடியல் என்ற பொம்மை நிறுவனம் அந்தக் கிறிஸ்துமஸுக்குப் பொம்மையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சில ஆண்டுகளிலேயே உற்பத்தி நின்றுவிட்டது. அத்தனை பேர் கூடித் தேர்ந்த நிறத்தின் மேல் நாம் கடையில் வாங்கிய வர்ணத்தைப் பூசலாமா?

மூன்றாவது பொம்மை, நீங்கள் சொல்வதைப் பார்த்தால், மரத்தூளும் பசையும் கலந்து அச்சில் அழுத்திய 'காம்போசிஷன்' வகை. தண்ணீர் பட்டால் ஊறிப் பொடியும். மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டுங்கள், அவ்வளவுதான். உரிந்த செதில்களைச் சிறு உறையில் போட்டுப் பெட்டியிலேயே வையுங்கள். வெடிப்பு பரவினால், பொருட்காப்பு படித்த வல்லுநரிடம் கொண்டுபோங்கள். புதிதுபோல் ஆக்கித் தருகிறேன் என்பவரிடம் வேண்டாம்.

இனி பேட்டி-ஜோ. சிகாகோவில் வாழ்ந்த கறுப்பினக் கார்ட்டூனிஸ்ட் ஜாக்கி ஓர்ம்ஸ், 'பிட்ஸ்பர்க் கூரியர்' இதழில் வரைந்த துடுக்குச் சிறுமிதான் அவள். நெப்ராஸ்காவின் லிங்கன் நகரிலிருந்த டெர்ரி லீ நிறுவனம் 1947 முதல் 1949 வரை அவளைப் பொம்மையாக விற்றது. கேலிச்சித்திரங்களுக்கு நடுவே, நல்ல உடுப்புகள் வாங்கி மாற்றக்கூடிய, தலைநிமிர்ந்த ஒரு கறுப்புச் சிறுமி! ஆனால் அச்சு எல்லா டெர்ரி லீ பொம்மைகளுக்கும் பொது. ஓர்ம்ஸின் ஒப்பந்தம் முடிந்த பிறகும் நிறுவனம் வேறு பெயர்களில் கறுப்புப் பொம்மைகளைச் செய்தது. பழைய பொம்மை விற்பவர்கள் அவற்றையும் பேட்டி-ஜோ என்றே விற்கிறார்கள். முதுகில் பெயரோடு 'பேட். பெண்டிங்' (காப்புரிமைக்கு விண்ணப்பித்திருக்கிறது) என்றும் பொறித்திருந்தால் தொடக்க காலத்தது. அது வாய்ப்பைக் கூட்டும், உறுதி செய்யாது. முகத்தில் வர்ணம் தீட்டிய விதமே முக்கியச் சான்று. வர்ணம் பூசாதீர்கள் என்பதற்கு இது இன்னொரு காரணம். உடையில் டெர்ரி லீ பெயர் தைத்த துணிச்சீட்டு இருந்தால் பத்திரப்படுத்துங்கள்.

எந்த முத்திரையாலும் தர முடியாத சான்று அந்த அம்மையாரிடம் இருக்கிறது. பொம்மைகளை யார் வாங்கித் தந்தது, எந்த ஊர், கடையிலா தபால் விற்பனைப் பட்டியலிலா, எத்தனை வயதில், என்ன பெயர் சூட்டினார் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதி, தேதியிடுங்கள். பொம்மையோடு எடுத்த பழைய படம் இருந்தால் நகல் கேளுங்கள். குறிப்பை அந்தந்தப் பெட்டியிலும், ஒரு பிரதியை வெளியிலும் வையுங்கள். பிற்காலத்தில் அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க நினைத்தால், அவர்கள் முதலில் கேட்பது இதைத்தான்.