அடோல்ஃப் ஷ்லாகின்ட்வைட்: இமயத்தை அளந்த ஜெர்மானியர் (கேள்வி பதில்)

கேள்வி: இவர் யார்? இமயமலைக்கு எப்படி வந்தார்?

1829இல் மியூனிக்கில் பிறந்த நிலவியலாளர். அண்ணன் ஹெர்மனோடு ஆல்ப்ஸில் பாஸ்டெர்ட்செ பனியாற்றை அளந்து கை பழகியவர். இயற்கை ஆய்வாளர் ஹும்போல்ட் பரிந்துரைக்க, பூமியின் காந்தப்புல அளவைக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி இந்த இருவரையும் தம்பி ராபர்ட்டையும் அனுப்பியது. 1854இல் பம்பாயில் இறங்கி, தக்காணம் கடந்து சென்னைக்கு வந்து, அதன் பிறகுதான் வடக்கே போனார்கள்.

கேள்வி: 1855இல் 6,785 மீட்டர் ஏறினார்களாமே. உயரத்தை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

அடோல்ஃபும் ராபர்ட்டும் எட்டியது இமயச் சிகரமான அபி காமினின் சரிவு. உச்சி இன்னும் மேலே, 7,355 மீட்டரில். அக்காலத்தில் ஏறிய இடத்திலேயே உயரம் அளக்க முக்கியமாக இரண்டு வழிகள். ஒன்று பாதரச பாரோமீட்டர் (காற்றழுத்தமானி; மேலே ஏற ஏறப் பாதரசம் தாழும்): குழாய்க்குள் காற்றுக்குமிழி புகுந்தாலும் பாதரசம் தாழும், உயரம் கூடுதலாகத் தெரியும். பாதரசத்தின் வெப்பநிலையைப் பத்து டிகிரி தவறாக எடுத்தாலும் சுமார் 15 மீட்டர் பிசகும். மற்றொன்று நீரின் கொதிநிலை. ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி இறங்கும், ஆகவே 0.1 டிகிரி தப்பினால் 30 மீட்டர் போச்சு. வெப்பமானியை நீரில் முக்காமல் ஆவியில் பிடிக்க வேண்டும், நீரில் உப்பு கலந்திருந்தால் கொதிநிலை ஏறிவிடும். நாளடைவில் கண்ணாடிக்குமிழ் சுருங்கிப் பூஜ்யமே நகரும் என்பதால், அவ்வப்போது உருகும் பனிக்கட்டியில் வைத்துச் சரிபார்ப்பதும் அவசியம்.

கேள்வி: பனியாறு நகர்வதை அளப்பது எப்படி?

ஆற்றின் குறுக்கே நேர்கோட்டில் கம்புகள் நட்டு, கரைப் பாறையிலிருந்து தியோடலைட்டால் (கோணம் அளக்கும் கருவி) நாள்தோறும் குறி பார்க்க வேண்டும். நடுக்கம்பு முந்தும், ஓரக்கம்புகள் பின்தங்கும். ஆழமாகத் துளைத்து நடாவிட்டால் வெயிலில் சுற்றியுள்ள பனி உருகிக் கம்பு சாய்ந்துவிடும். இதைவிட மோசமான தவறு, கரையோரக் கற்குவியலின் மேல் கருவியை நிறுத்துவது. அடியில் பனி ஒளிந்திருந்தால் கருவியும் சேர்ந்தே நகரும், கணக்கு முழுக்க வீண்.

கேள்வி: அவருடைய அளவைகள் இன்று எதற்குப் பயன்படும்?

உயரச் சாதனையைவிட இதையே பெரிதாக மதிக்கிறேன். 1856இல் நங்க பர்பத் அடிவாரத்தில் சுங்பார் பனியாற்றை அளந்து, அகன்ற மலைக்காட்சிகளையும் வரைந்தார். 1934இலும் 1958இலும் ஜெர்மானியர்கள் அங்கே மறுபடி அளந்தபோது, ஒப்பிட நூறாண்டுக் கணக்கு கையில் இருந்தது. இமயத்தின் மற்றப் பனியாறுகளுக்கு இவ்வளவு பழைய எண்கள் கிடைப்பது அரிது.

கேள்வி: எப்படி இறந்தார்?

1857இல் காரகோரம், குன்லுன் மலைகளைக் கடந்து, இன்றைய மேற்குச் சீனாவிலுள்ள காஷ்கர் போனார். அங்கே அப்போது கலகம் நடந்துகொண்டிருந்தது. நகரைக் கைப்பற்றியிருந்த கலகத் தலைவர் வலி கான் தோரேயின் கட்டளைப்படி ஆகஸ்ட் 26 அன்று தலை வெட்டப்பட்டது. வயது 28. அடுத்த ஆண்டு வணிகர் வேடத்தில் அங்கு சென்ற ரஷ்யப் படை அதிகாரி வலிகானோவ், அவர் இறந்த விவரங்களைத் திரட்டினார்.

கேள்வி: திபெத்தை ரகசியமாக அளந்த நயின் சிங்குக்கும் இந்தச் சகோதரர்களுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. குமாவுன் இமயத்தின் ஜோஹார் பள்ளத்தாக்கைச் சேர்ந்த நயின் சிங் ராவத், ஷ்லாகின்ட்வைட் சகோதரர்களிடம் வேலைக்கிருந்து கருவிகளைக் கையாளக் கற்றவர். 1866இல் லாசா சென்றபோது, அந்நகரின் உயரத்தை அவர் கணித்ததும் கொதிநீர் வெப்பமானியால்தான்.